துணி காயும் கம்பி

"என் வீட்டு வயர நானே மாத்துனதுக்கு ஒங்க கையெழுத்து எதுக்கு அண்ணாச்சி?"

பசுவந்தனையிலிருந்து கோவில்பட்டிக்கு அப்போதுதான் கிளம்பிய பஸ்ஸில், முன் சீட்டுக்காரர் கரண்டு ஆபீஸ் பாரத்தை நீட்டியபடி இப்படிக் கேட்டார். பக்கத்தில் இருந்தவர் லைசென்ஸ் வாங்கிய வயர்மேன்.

"சட்டம் அப்படி. எர்த்துக்குக் குழி தோண்டுனீங்களா?"

"கரிசல் காஞ்சு கல்லாக் கெடக்கு, கடப்பாரையே எறங்கல. எர்த்து வயரத் துணி காயப்போடுத கம்பியில முறுக்கிட்டேன்."

வயர்மேன் பேனாவை மூடினார்.

"எங்கயாவது கரண்டு கசிஞ்சா அம்புட்டும் அந்தக் கம்பிக்குத்தான் வரும். லைன் இப்ப ஓடுதா?"

"காலையிலதான் போட்டுவிட்டேன்."

"வீட்டுல யாரு இருக்கா?"

"என் வீட்டுக்காரிதான். ஈரத்துணிய..."

முன் சீட்டுக்காரர் துள்ளி எழுந்தார். "வண்டிய நிறுத்துங்க!" என்று கத்திக்கொண்டே இறங்கி, வந்த வழியே ஓடினார். வயர்மேனும் பின்னால் ஓடினார்.

கையெழுத்தில்லாத பாரம் சீட்டில் கிடந்தது.