ஒன்பதாவது விதி

குட் மார்னிங் படம் அனுப்புகிறவர்களை எனக்குப் பிடிக்காது, சார். ஒரு ரோஜாப்பூ, ஒரு தேநீர்க் கோப்பை, கீழே ஒரு தத்துவம். அந்த ஆட்களுக்காகத்தான் குழுவுக்கு ஒன்பது விதிகள் எழுதிவைத்தேன். என் வாக்குமூலத்தை நீங்கள் அதிலிருந்தே எழுதத் தொடங்கலாம்.

என் பெயர் சங்கரலிங்கம். தேனி பெரியகுளம் ரோட்டில் வில், அம்பு விற்கிறேன். வருசநாட்டிலிருந்து கம்பம் வரைக்கும் பிள்ளைகளை வில்வித்தைப் போட்டிக்கு அனுப்புகிற பெற்றோர் நூற்றிருபது பேர் என் வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார்கள். நாணை எந்தப் பக்கம் மாட்டுவது என்று தெரிந்தவர்கள் அவர்களில் நாலு பேர். அபிப்பிராயம் மட்டும் நூற்றிருபது பேருக்கும் உண்டு.

எந்தக் கம்பெனி வில்லைக் கடையில் வைப்பது என்பதை நான் சும்மா முடிவு செய்வதில்லை. மாதிரி வில்லைப் பத்து நாள் இழுத்துப் பார்ப்பேன். பிறகு போடியில் வாங்கிய இலவம்பஞ்சில் ஒரு சிட்டிகை எடுத்து, வில்லின் வளைகிற பாகம் நெடுகத் தடவுவேன். அதை லிம்ப் என்போம். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தாலும் பஞ்சிழை சிக்கிக்கொள்ளும். வெல்டன் வில்லில் சிக்கவில்லை. அதனால் வெல்டன் மட்டும் வைத்தேன்.

டார்கோவின் மாதிரிப் பெட்டியை நான் பிரிக்கவே இல்லை. அந்தக் கம்பெனி ஆள் தன் முதல் செய்தியையே 'ஹாய் ப்ரோ' என்று தொடங்கியிருந்தான். எனக்கு வயது ஐம்பத்தாறு. பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு, டார்கோ மட்டம் என்று குழுவில் எழுதினேன்.

சுருளிராஜன் அதற்குப் பதில் போட்டார். ராயப்பன்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர். ஒரே மகள் அனுஷ்கா, மாநில அணித் தேர்வுக்குத் தயாராகிறவள். அவளுக்கு ஆன்லைனில் டார்கோ வாங்கியிருந்தார்.

"அண்ணே, டார்கோவ ஒரு தடவையாச்சும் இழுத்துப் பாத்திருக்கீகளா? பாக்காமலே மட்டம்னு எழுதுறீகளே, உங்க ஒம்பதாவது விதி உங்களுக்குக் கெடையாதா?"

கையால் சோதித்துப் பார்க்காத பொருளைப் பற்றி யாரும் கருத்து எழுதக் கூடாது. அதுதான் ஒன்பதாவது விதி. நாற்பத்தொரு பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். அந்தக் குழுவில் அம்பை வீட்டுச் சுவரில் விட்டு ஒடித்தவர்கள்கூடச் சிரித்தார்கள். சுருளிராஜனை நீக்கியிருக்கலாம், நீக்கினால் பயந்துவிட்டேன் என்பார்கள். குழுவிலேயே விட்டுவைத்தேன். நாகரிகம் தெரிந்தவன் அப்படித்தான் செய்வான்.

மூன்று வாரம் கழித்து, வில்லோடும் மகளோடும் கடைக்கே வந்து நின்றார்.

"குரூப்புல பேசுனத மனசுல வச்சுக்கிறாதீகண்ணே. ஞாயித்துக்கிழம பிள்ளைக்கு செலக்சன். இழுக்கைல டிக்குன்னு சத்தம் வருதுங்குறா. உங்களவிட்டா இங்கன யாருக்குத் தெரியும்?"

"பெரியப்பா, அப்பாவ அந்தக் குரூப்ப விட்டுத் தூக்கிருங்க," என்றாள் அனுஷ்கா. "வீட்டுல நாங்களாச்சும் நிம்மதியா இருப்போம்."

நல்ல பெண். நான்கூடச் சிரித்தேன்.

விசாரித்ததில், வில் இரண்டு நாள் கார் டிக்கியில், கம்பத்து வெயிலில் கிடந்திருக்கிறது. அந்தச் சூட்டில் எந்தக் கம்பெனி லிம்ப்பும் ஒட்டு விடும். வெல்டனும் விடும்தான். ஆனால் வெல்டன் வாங்குகிறவர்கள் வில்லை டிக்கியில் போட்டுவிட்டுக் கல்யாணவீட்டுக்குப் போகிறவர்கள் அல்ல.

பஞ்சைத் தடவினேன். மேல் லிம்ப்பில், பிடிக்கு மேலே நாலு விரல் தள்ளிச் சிக்கியது. நகத்தால் கிள்ளி எடுத்தேன். ஒரு இழை உள்ளேயே தங்கிவிட்டது என்பது நீங்கள் லென்ஸ் வைத்துக் காட்டிய பிறகுதான் தெரிகிறது. இவ்வளவு கவனமாக வேலை பார்க்கிற போலீஸ்காரரை இந்தப் பக்கம் நான் பார்த்ததில்லை.

"ஒண்ணுமில்லத்தா," என்றேன். "புது வில்லு. நல்லா முழுசா இழுத்துப் பழகு. சத்தம் தானா நின்னுரும்."

சுருளிராஜன் கையெடுத்துக் கும்பிட்டார்.

அதை இழுக்கப்போவது யார் என்று தெரியுமா என்று கேட்டீர்கள். தெரியும். நாண் தாடையைத் தொடுகிற வரைக்கும் இழுத்தால் முகம் எங்கே இருக்கும் என்பதும் தெரியும். முப்பது வருடமாக அதைத்தானே சொல்லிக்கொடுக்கிறேன்.

மறுநாள் மதியம் குழுவில் அவருடைய செய்தி வந்தது.

"வில்லு தெறிச்சிருச்சு. பாப்பாவுக்கு வலது கண்ணு போச்சுன்னு மதுர ஆஸ்பத்திரில சொல்லிட்டாக."

கூடவே உடைந்த லிம்ப்பின் படம். பொம்மை கிடையாது, ஃபார்வர்ட் கிடையாது, சுருக்கமான ஒரே செய்தி. என் குழுவில் அந்த ஆள் முறையாகப் போட்ட முதல் பதிவு அதுதான். முந்தின நாள் நான் பார்த்துக் கொடுத்ததைக்கூட அவர் எழுதவில்லை.

அதற்குக் கீழேயே பதில் போட்டேன்: 'டார்கோவை நம் கடையில் வைக்காததற்குக் காரணம் இதுதான்.' எழுபத்திரண்டு பேர் கட்டைவிரல் தூக்கினார்கள். முன்னே சிரித்தவர்களும் அதில் உண்டு.

நான் செய்ததைக் குற்றம் என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் விட்டுவிட வேண்டாம். சோதிக்காமல் மட்டம் என்று சொன்னதாக என் மேல் ஒரு பேச்சு இருந்தது. சோதித்தாயிற்று, சார். விதியை மீறினேன் என்று இனி ஒருத்தரும் சொல்ல முடியாது.