ஓரத்தில் நிற்பவர்கள்

அம்பத்தூரில் மின்சார ரயில் ஏறி என் எதிரே உட்கார்ந்த இருவரில் ஒருவர் கழுத்தில் கேமரா தொங்கியது. மற்றவர் அப்போதுதான் கழுவி வாங்கிய போட்டோ ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இன்னா மச்சான், ஓரத்துல நிக்கிற ஒருத்தனுக்கும் மூஞ்சியே இல்ல?"

"லென்ஸு அப்படி. மலிவா வாங்கினது. நடுவுல பாரு, எவ்ளோ தெளிவா கீது!" என்றார் கேமராக்காரர்.

"இத வெச்சுகினா நாளைக்கு உன் தங்கச்சி கல்யாணத்த எடுக்கப்போற? சர்ச்சு உள்ள இருட்டு. ஃபாதரு ஃபிளாஷ் அடிக்க உடமாட்டாரு."

"தாலி கட்டறப்போ ஜன்னல் வெளிச்சம் போதும். கை ஆடாம புடிப்பேன். மீதியெல்லாம் வாசல்ல, வெயில்ல."

"உங்க பெரியப்பா ஸ்டுடியோ ஆள கூட்டினு வரேன்னாராமே?"

"வரட்டும். என் தங்கச்சிய நான்தான் எடுப்பேன்."

"குரூப் போட்டோவுக்கு இன்னா பண்ணுவ? ஓரம் கரைஞ்சிடுமே."

"நடுவுல அவ, மாப்ள, எங்கம்மா. இந்தக் கல்யாணமே வேணாம்னு ஊட்டாண்ட வந்து கத்துனவங்க எல்லாம் ஓரத்துல. பெரியப்பா கடைசில."

"நடுவுலதான் நிப்பேன்னு சண்டைக்கு வருவாரு."

"வந்தா இன்னா? கேமரா என் கையில கீது. நான் சொல்ற எடத்துலதான் எல்லாரும் நிக்கணும்."

திருமுல்லைவாயில் வந்தது. இருவரும் எழுந்தார்கள். கிண்டல் செய்தவர் போட்டோவின் ஓரத்தை இன்னொரு முறை பார்த்தார்.

"மச்சான், என்னை எங்க நிக்கவெப்ப?"

"லென்ஸப் பத்தி இன்னொரு வார்த்த பேசு, சொல்றேன்."