ஜன்னலுக்கு எதிரே உப்பு

"ஹலோ... டாக்டர் சார்? ... ஆமா சார், முட்டைக்காரிதான். ... இல்ல, அறிக்கைய இன்னும் அனுப்பல. அதுக்குத்தான் கூப்பிட்டேன்."

மான் புழுக்கையைக் கரைத்து, மைக்ரோஸ்கோப்பில் வைத்து, அதிலுள்ள புழு முட்டைகளை எண்ணுவது அவள் வேலை. பட்டப்பெயர் வைத்தவர் மிருக டாக்டர். காட்டோர ஆராய்ச்சி நிலையத்தில் அவளைத் தவிர ஆளில்லை. அவள் வாய் திறந்து மூன்று நாள் ஆகியிருந்தது.

"ஆமா, ஆமா... அதே புழுதான். பக்கத்துப் பண்ணைக்காரர் கப்பல்ல கொண்டுவந்து இறக்கினாரே, அந்த ஆடுங்களோடது. ரத்தம் குடிக்கிற ஜாதி. ... நேத்து இன்னொரு மான் செத்துக் கிடந்துச்சு சார். தாடைக்குக் கீழ வீக்கம். இமைய விரிச்சா உள்ள வெள்ளையா இருந்துச்சு. ... பத்தொம்பது. இந்த மான் ஜாதியில மிச்சமே அவ்ளோதான்."

"... குட்டையா? வேலி போட்டு அடைக்கிறதா? ... நாளைக்கேவா? சார், கோடைக்கு அதுங்களுக்கு அந்தத் தண்ணி ஒண்ணுதான்... இல்ல, எதிர்த்துப் பேசல. ... புழு குட்டையிலேர்ந்து வரல சார். ... எனக்குத் தெரியும். ... எப்படின்னா..."

ஃபோனை மறு காதுக்கு மாற்றினாள்.

"என் ஜன்னலுக்கு எதிர்ல உப்புக்கட்டி வெச்சிருக்கேன். ... நாலு மாசமா. ... யாரும் சொல்லல. ஆராய்ச்சிக்கும் இல்ல. ... சும்மா. ... மானுங்க நக்க வரும். நான் சாப்பிடறப்ப பார்த்துட்டிருப்பேன். ... ஆமா, கேக்க சிரிப்பாத்தான் இருக்கும். ... அப்புறம் ஆடும் வர ஆரம்பிச்சுது. ஆட்ட விரட்டினா மானும் ஓடிடுமேன்னு விட்டுட்டேன். எல்லாம் ஒரே இடத்துல புழுக்கை போட்டு, அதே புல்ல மேஞ்சு... காலைல அந்தப் புல்லக் கழுவிப் பார்த்தேன். குட்டிப் புழு நெளியுது. குட்டையோரப் புல்லுல ஒண்ணுகூட இல்ல."

எழுந்து ஜன்னலோரம் போனாள்.

"சார்? ... இருக்கீங்களா? ... சரி. ... சரி சார். அறிக்கையில என் தப்புன்னே எழுதறேன். குட்டைய மட்டும் அடைக்க வேணாம். ... உப்பத் தோண்டி எடுத்துடறேன். புல்லையும் வழிச்சு எரிச்சுடறேன்."

"... இப்பவா? ... நிக்குது. நாலு மான். ஒண்ணு குட்டியோட. ... பயமே இல்ல, என்கிட்ட பழகிடுச்சு. ... புரியுது. இனிமே இந்தப் பக்கமே வரக்கூடாது. ... இல்ல, ஆள் அனுப்ப வேணாம். என்னைப் பார்த்து பயந்தாத்தான் திரும்பி வராது. ... ஃபோன வெச்சுடறேன் சார். கை தட்ட ரெண்டு கையும் வேணும்."