இன்னும் ரெண்டடி

பின்பக்கமாக நடப்பது முழங்காலுக்கு நல்லது என்று என் டாக்டர் சொல்கிறார். உண்மையாகத்தான் இருக்கும். என் வீட்டுக்காரர் பத்தொன்பது வருடம் பின்பக்கமாகவே நடந்தவர். கடைசி நாள்வரை முட்டி வலி என்று ஒரு நாளும் படுத்ததில்லை. முன்பக்கமாக நடந்த எனக்குத்தான் இரண்டும் தேய்ந்துபோயின.

உட்காருங்கள் மேடம். மகள் மருந்துக்கடைக்குப் போயிருக்கிறாள், வர அரை மணி ஆகும். அவள் போலீசுக்குக் கடிதம் எழுதியது எனக்குத் தெரியாது. 'அப்பா செத்ததுக்கு நான்தான் காரணம்' என்று எழுதியிருக்கிறாள் என்கிறீர்கள். எட்டு மாதத்துக்கு முன்பு விபத்து என்று நீங்களே எழுதி மூடிய விஷயம் இது. அவள் மேல் ஒரு தப்பும் இல்லை. எனக்கு எப்படித் தெரியும் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அரை மணி போதும்.

அவர் பலூன்களைப் படம் எடுப்பவர். குழந்தைகள் கையில் பிடிக்கிற பலூன் இல்லை. கூடை கட்டி ஆட்களை ஏற்றிப் பறக்கிற பெரிய பலூன்கள். இருட்டிய பிறகு அவற்றைப் பறக்கவிடாமல் மைதானத்தில் கயிறு போட்டுக் கட்டி நிறுத்துவார்கள். ஹாரன் அடித்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் கூடைக்கு மேலிருக்கும் காஸ் பர்னரைத் திறப்பார்கள். பத்துப் பன்னிரண்டு பலூன்கள் உள்ளே விளக்கு வைத்த மாதிரி ஒன்றாக எரியும். பதினைந்து வினாடி, மிஞ்சினால் இருபது. அதற்குள் எடுத்தால்தான் படம். அவர் முக்காலி வைத்துக்கொள்ள மாட்டார். அதெல்லாம் சோம்பேறிகளுக்கு என்பார். காமிராவைக் கண்ணில் ஒட்டிக்கொண்டு, எல்லா பலூனும் படத்துக்குள் அடங்கும்வரை பின்னால் நடந்துகொண்டே இருப்பார்.

அவருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பார்ப்பது என் வேலை. அவர் தோளை ஒட்டி, பலூன்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வெளிச்சம் படத்தில் விழாதபடி டார்ச்சைத் தாழ்த்திப் பிடித்துக் குனிந்தே நடக்க வேண்டும். "கயிறு." "கல்லு." "பள்ளம்." "போதும்." "இடம் இருக்கு." பத்தொன்பது வருடத்தில் வேலை நேரத்தில் நான் பேசியது இந்த ஐந்தும்தான். மற்ற போட்டோக்காரர்கள் எனக்கு ரிவர்ஸ் ஹாரன் என்று பெயர் வைத்தார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். நானும் சிரித்திருக்கிறேன்.

அவர் கெட்டவர் என்று எழுதிவிடாதீர்கள். குடித்ததில்லை, கை நீட்டியதில்லை. என் பேச்சை அவரைப்போல நம்பியவர் யாருமில்லை. இடம் இருக்கு என்றால் கண்ணை மூடிக்கொண்டு வருவார். அவசரத்துக்கு நான் ஒதுங்கப் போனால், திரும்பி வரும்வரை நிறுத்திவைத்த வண்டி மாதிரி அதே இடத்தில் நிற்பார். என் அக்கா மகள் கல்யாணத்துக்கு நான் போகவில்லை, ஏனென்றால் அன்று ஏதோ ஊரில் பலூன் ஏற்றினார்கள். நான் இல்லாமல் அவரால் ஒரு படம்கூட எடுக்க முடியாது. முதலில் அது எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகு கழுத்தில் கிடப்பது கயிறு என்று தெரிந்தபோது அது இறுகிப்போயிருந்தது.

ஒரு விஷயம் சொன்னால் சிரிப்பீர்கள். பத்தொன்பது வருடத்தில் பலூன்கள் எரிவதை நான் பார்த்ததே இல்லை. ஹாரன் அடிக்கும், தரையெல்லாம் மஞ்சளாகும், எங்கள் இரண்டு பேர் நிழலும் முன்னால் நீளமாக விழும். அவ்வளவுதான். ஒருமுறை கேட்டேன்.

"ஒரே ஒரு தடவை நானும் திரும்பிப் பாத்துக்கறேங்க."

"நீ அதைப் பாத்தா என்னை யாரு பாக்கறது? வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர்ல பெரிசாவே பாரு."

நியாயமான பதில்தான். வீட்டுக்கு வந்து பார்த்தேன். பெரிதாகவே இருந்தது.

போன வருடம் என் முட்டி இரண்டும் போயின. இனிமேல் குனியக் கூடாது என்றார் டாக்டர். அதே வாரம் மகளுக்குக் கால்நடை மருத்துவம் படிக்க வெளியூரில் இடம் கிடைத்தது. இரவு சாப்பிடும்போது அவள் அந்தக் கடிதத்தை அப்பாவிடம் நீட்டினாள். அவர் படித்துவிட்டு, எண்ணெய் படாமல் கவனமாக மடித்து, தண்ணீர்ச் சொம்புக்குக் கீழே வைத்தார்.

"அம்மாவுக்கு முட்டி போச்சு. இனிமே நீதாம்மா எனக்கு. படிப்பெல்லாம் இங்கேயே ஏதாவது பாத்துக்கலாம்."

மகள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோனாள். வாயில்லாத்தனத்தில் அவள் என் வயிற்றில்தான் பிறந்தாள். மறுநாள் சாயங்காலமே தெருவில் பழக்க ஆரம்பித்தார். அவர் காமிராவோடு பின்பக்கமாக நடந்து வர, அவள் குனிந்து "கல்லுப்பா, படிப்பா" என்று சொல்லிக்கொண்டே போனாள். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். நான் வேலையை நிறுத்தினால் மகள் மாட்டிக்கொள்வாள், நான் தொடரலாம் என்றால் கால் ஒத்துழைக்காது. முன்னால் போனால் முட்டும், பின்னால் போனால் உதைக்கும் என்பார்களே, அந்த இடம். எனக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. ஆனால் அது அடுப்பைத் தணித்துவைத்த மாதிரி நிதானமாகவே இருந்தது.

சம்பவம் நடந்த இடம் உங்களுக்குத் தெரியும். கட்டி முடிக்காத ஹோட்டல், நாலாவது மாடித் தளம், கைப்பிடிச் சுவர் இன்னும் எழுப்பவில்லை. மைதானம் முழுவதும் அங்கிருந்து தெரியும் என்று இடத்தைத் தேர்ந்தெடுத்தது நான்தான். எப்போதுமே நான்தான் முதல் நாள் போய்ப் பார்த்து வருவேன். முன் விளிம்பிலிருந்து பின் விளிம்புவரை நடந்து பார்த்தேன். இருபத்தாறு அடி.

அன்று முதல்முறையாக மகள் வேலைக்கு நிற்க வேண்டியது. நான் சும்மா கூட வந்தேன். ஹாரன் அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது, மாற்று பேட்டரி வண்டியிலேயே இருக்கிறது, ஓடிப்போய் எடுத்துவா என்று அவளைக் கீழே அனுப்பினேன். "அவ வர்றவரைக்கும் நான் பாத்துக்கறேன்" என்றேன். அவர் முகம் தெளிந்தது. புது ஆளைவிடப் பழைய ஆள் மேல் நம்பிக்கை இருக்காதா.

உங்களிடம் அன்று சொன்னது நினைவிருக்கும். முட்டி வலியில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டேன், அதற்குள் அவர் நடந்துவிட்டார் என்றேன். நீங்கள் எனக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தீர்கள். நல்ல பெண் நீங்கள்.

நான் உட்காரவில்லை. ஹாரன் அடித்தது. தரை மஞ்சளானது. பன்னிரண்டு பலூன்கள், ஓரத்தில் இரண்டு படத்துக்கு வெளியே நின்றன. அவர் பின்னால் நடந்து வந்தார். நான் குனிந்து, டார்ச்சைத் தாழ்த்தி, எண்ணிக்கொண்டே கூட வந்தேன். இருபத்துநாலில் நின்றார்.

"இன்னும் இடம் இருக்கா?"

"இருக்கு. இன்னும் ரெண்டடி வாங்க."

வந்தார். அப்புறம் ஒரு அடி அவராகவே வைத்தார்.

அதன் பிறகுதான் திரும்பினேன். இன்னும் மூன்று வினாடி போல எரிந்தது. சிவப்பு, ஆரஞ்சு, கோடு போட்ட நீலம், எல்லாம் மூச்சு விடுவதுபோல் லேசாக ஆடின. அழகாகத்தான் இருந்தது. கம்ப்யூட்டரில் இந்த அழகு வரவே இல்லை.

மகள் மூச்சிரைக்க மேலே வந்தாள். வண்டியில் பேட்டரி இல்லை என்றாள். எப்படி இருக்கும். அது என் கைப்பையில் இருந்தது. கீழே தேடிக்கொண்டே நேரத்தைக் கடத்திவிட்டேன், நான் இங்கே இருந்திருந்தால் சொல்லியிருப்பேன் என்று அவள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

"நான் இருந்திருந்தா அப்பா பிழைச்சிருப்பாருல்லம்மா?"

ஆமாம் என்றேன். அவள் இருந்திருந்தால் பிழைத்திருப்பார் என்பது பொய் இல்லையே.

அவளுக்காகத்தான் செய்தேன். அவள் அந்த ஊருக்குப் போய், மாட்டுக்கும் நாய்க்கும் ஊசி போட்டுக்கொண்டு, நிமிர்ந்து நடக்க வேண்டும் என்று. ஆனால் கல்லூரி திறந்தபோது அவள் போகவில்லை. உன்னை விட்டுப் போக மாட்டேன்மா என்றாள். போ என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். அப்பாவைத் தனியாக விட்டதற்கே இன்னும் தூக்கம் வரவில்லை என்றாள். அதற்குமேல் வற்புறுத்துவது சரியாகப் படவில்லை. அடுத்த மாதம் மறுபடியும் விண்ணப்பம் போடலாமாம். அந்த விண்ணப்பத் தாள் எங்கே போனது என்று கேட்டாள். நானும் தேடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அது இந்த மெத்தைக்குக் கீழேதான் இருக்கிறது.

எனக்கும் கால் இப்படி இருக்கிறது பாருங்கள். மாடியிறங்கும்போது ஒரு கையால் என்னைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்து இறங்குவாள். "படிம்மா." "ஈரம்மா." "போதும்மா." ஒரு தடவைகூடத் தவறியதில்லை. இப்போதெல்லாம் நான் தரையைப் பார்ப்பதே இல்லை. அவள் சொன்னால் காலை வைத்துவிடுவேன்.

கேட் சத்தம் கேட்கிறது, வந்துவிட்டாள். உன் மேல் தப்பில்லை என்று நீங்களே அவளிடம் சொல்லிவிடுங்கள், போலீஸ் சொன்னால் கொஞ்சம் தூங்குவாள். காரணத்தை மட்டும் சொல்லாதீர்கள் மேடம். தெரிந்தால் என்னை விட்டுப் போய்விடுவாள்.