மூணு வாரமும் இடது பக்கம்

மணிமொழி: சட்டைய இன்னும் கொஞ்சம் தூக்குங்க. வெக்கத்தப் பாரு…

கலைச்செல்வன்: மெதுவாடி! கை ஐஸா இருக்குது.

மணிமொழி: தொப்புளுக்கு இந்தப் பக்கம் எத்தன புள்ளி! ஒரே செவப்பு. இது என்னங்க, கட்டியா?

கலைச்செல்வன்: அதத்தான் பாக்கச் சொன்னேன். முன்னெல்லாம் ஊசி மாவுல எறங்குனாப்ல எறங்கும். இப்ப ரப்பர்ல குத்துற மாதிரி இருக்குது.

மணிமொழி: ஒரே எடத்துல குத்துனா வேற எப்படி இருக்கும்? நேத்து போட்ட எடத்துல இன்னிக்குப் போடாதீங்க, மாத்தி மாத்திப் போடுங்கன்னு நர்சம்மா சொன்னாங்களா இல்லியா?

கலைச்செல்வன்: மாத்தித்தான் போடுறேன். அதுக்கு ஒரு சிஸ்டமே வச்சிருக்கேன்.

மணிமொழி: என்ன பெரிய சிஸ்டம்?

கலைச்செல்வன்: ஏ ஷிஃப்ட் வாரம் இடது பக்கம். பி ஷிஃப்ட் வாரம் வலது பக்கம். சி ஷிஃப்ட்டுன்னா தொப்புளுக்குக் கீழ, ரெண்டு வெரல் தள்ளி. மறக்கவே மறக்காது.

மணிமொழி: அட கடவுளே… வயித்துக்கு டூட்டி சார்ட்டா! தெனத்துக்கு ஒரு எடம்னாங்க. வாரத்துக்கு ஒரு எடம்னு யாரு சொன்னா?

கலைச்செல்வன்: இருபத்தாறு வருசம் மைன்ஸ்ல கெடக்குறேன். எதுவும் வாரத்துக்கு ஒருதரம்தான மாறும்!

மணிமொழி: மருந்தாவது ஒழுங்கா கலக்குறீங்களா? குப்பிய டானிக் மாதிரி குலுக்குறீங்களா?

கலைச்செல்வன்: சேச்சே. உள்ளங்கையில வச்சி உருட்டறேன். கலந்த ஒடனே போட்டுடறேன். போட்ட ஊசியக்கூட குப்பையில வீசல, மூடிபோட்ட டப்பாவுல…

மணிமொழி: அது ஒண்ணுதான் உருப்படி… இருங்க, இருங்க. வலது பக்கம் ஒரு புள்ளிகூட இல்ல.

கலைச்செல்வன்: பழசெல்லாம் ஆறியிருக்கும்.

மணிமொழி: கீழயும் இல்ல. நான் காடாம்புலியூருக்கு அக்கா வூட்டுக்குப் போயி மூணு வாரம். ரெண்டாவது வாரம் போன் பண்ணா, "பி ஷிஃப்ட்டு, ராத்திரி பத்துக்குத்தான் வூட்டுக்கு வருவேன்"னீங்க. மூணாவது வாரம், "சி ஷிஃப்ட்டு, சாயங்காலம் தூங்கணும், கூப்புடாத"ன்னீங்க.

கலைச்செல்வன்: அது வந்து…

மணிமொழி: வயிறு ஏ ஷிஃப்ட்டுன்னு சொல்லுதே! மூணு வாரமும்!

கலைச்செல்வன்: …எங்கூட வேல செய்யுற சிங்காரவேலுகூட ஷிஃப்ட் மாத்திக்கினேன்.

மணிமொழி: எதுக்கு? ஏ ஷிஃப்ட்ல மத்தியானம் ரெண்டு மணிக்கே டூட்டி முடிச்சிட்டு சாயங்காலமெல்லாம் எங்க போனீங்க? யாரு அவ?

கலைச்செல்வன்: யாரா? கை காலு குச்சி, நடுவுல பானை. இந்த அழகுக்கு எவடி வருவா!

மணிமொழி: பேச்ச மாத்தாதீங்க.

கலைச்செல்வன்: ஸ்டேடியத்துல நடந்தேன். தெனம் எட்டு ரவுண்டு.

மணிமொழி: நீங்க? பால் பூத்துக்கு வண்டி எடுக்குற ஆளு?

கலைச்செல்வன்: …சக்கர ஏறியிருக்குது மணி.

மணிமொழி: என்னது!

கலைச்செல்வன்: நீ ஊருக்குப் போன மறுநாளு டெஸ்ட் எடுத்தேன். இந்த ஊசியால ஏறலாம்னு டாக்டர் மொதல்லயே சொன்னாரு இல்ல? மைன்ஸ்ல கேட்டவங்ககிட்டல்லாம் "சக்கரைக்கு ஊசி போட்டுக்குறேன்"னு பொய் சொல்லிகினு இருந்தேன். என் வாய் முகூர்த்தம், சக்கரையே வந்துடுச்சி!

மணிமொழி: சிரிக்காதீங்க, பத்திகினு வருது. டாக்டர்கிட்ட சொன்னீங்களா?

கலைச்செல்வன்: சொன்னா ஊசிய நிறுத்திட்டாருன்னா? நடந்து கொறச்சிட்டு அப்புறமா…

மணிமொழி: நாளைக்கே போறோம். கட்டியையும் காட்டறோம், ரிப்போர்ட்டையும் காட்டறோம். அவரு போடச் சொன்னா போடுங்க. வேணாம்னா வுட்டுடணும்.

கலைச்செல்வன்: இசைப்பிரியா கல்யாணம் வரைக்கும் வுடுடி. இன்னும் இருபதே நாளு.

மணிமொழி: அக்கா பொண்ணு கல்யாணத்துக்கும் உங்க வயித்துக்கும் என்ன சம்பந்தம்?

கலைச்செல்வன்: தெரியாத மாதிரி கேக்குற. நம்ம ரெண்டு பேருக்கும் எச்.ஐ.வி.ன்னு தெரிஞ்சி பதினாலு வருசம். தெனம் மாத்திர முழுங்கி, ஒருத்தர் வாயிலயும் வுழாம காப்பாத்தினோம். இப்ப அந்த மாத்திரையால வந்த இந்த வயிறு காட்டிக் குடுத்துடும் போல. இதக் கொறைக்கத்தான இந்த ஊசியே. அன்னிக்குக் கேன்டீன்ல சிங்காரவேலு உத்து உத்துப் பாத்துட்டு, "எங்க மாமா ஒருத்தருக்கும் இப்படித்தான், கன்னம் ஒட்டி வயிறு மட்டும் முன்ன வந்துச்சி"ன்னான். பாதி சாப்பாட்டுல எழுந்து வந்துட்டேன் மணி. கல்யாண மண்டபத்துல எத்தன பேரு பாப்பாங்க… பயமா இருக்குது.

மணிமொழி: சட்டைய எறக்கிட்டு இப்படி உக்காருங்க.

கலைச்செல்வன்: எதுக்குடி?

மணிமொழி: நானும் ஒண்ணு மறச்சிட்டேங்க.

கலைச்செல்வன்: நீயா?

மணிமொழி: அக்காகிட்ட என்னுத சொல்லிட்டேன். உங்களுது இல்ல. அது உங்க வாயால வரணும். என்னுது மட்டும்.

கலைச்செல்வன்: அடிப்பாவி… கல்யாண நேரத்துலயா? என்ன சொன்னாங்க?

மணிமொழி: முருங்கக்கீர ஆஞ்சிகினு இருந்தா. கைய நிறுத்தக்கூட இல்ல. "ஆறு வருசமா தெரியும்டி. ஒன் பையில மாத்திர டப்பாவ பாத்தேன். நீயா சொல்லுவன்னு இருந்தேன்"னா. எனக்கு அழுகை வந்துடுச்சி.

கலைச்செல்வன்: ஆறு வருசமாவா! அந்த வூட்ல எத்தன வாட்டி சாப்ட்டிருப்போம்… என்னப் பத்தி எதுனா கேட்டாங்களா?

மணிமொழி: ஒரு வார்த்த கேக்கல. பஸ் ஏத்தும்போது மட்டும் சொல்லி அனுப்பிச்சா: "வேற யாரு கேட்டாலும் குடுக்க மாட்டேன், எம்பொண்ணு கல்யாணத்துல மொத பந்திக்கு எலைக்கு எலை சோறு போடுறது ஒன் வூட்டுக்காரருதான். அவருகிட்ட சொல்லிடு."