ஒரு தூஷணமும் பேசாதவர்

பாரிஸ் லா ஷப்பலில் என் முகத்தைத் தெரியாதவர்கள் இருக்கலாம். என் குரலைத் தெரியாதவர்கள் குறைவு. கலியாணமோ, சாமத்தியச் சடங்கோ, கோயில் திருவிழாவோ, ஒலிவாங்கியைத் தவரத்தினத்திடம் கொடுங்கள் என்றுதான் சொல்வார்கள். நான் "அன்பான சபையோரே" என்று தொடங்கினால் குழந்தைகூட அழுகையை நிறுத்தும். பெருமைக்காகச் சொல்லவில்லை. விசாரணை தொடங்கியதும் மேடம் முதலில் என் தொழிலைக் கேட்டீர்கள், அதனால் சொல்கிறேன்.

மொழிபெயர்க்கும் கபிரியேல் ஐயாவிடம் ஒரு வேண்டுகோள். நீங்கள் பாண்டிச்சேரிக்காரர், நான் யாழ்ப்பாணத்தான். ஏதாவது விளங்காவிட்டால் நிறுத்திக் கேளுங்கள். எனக்கு ஓர் அவசரமும் இல்லை. இந்த அறைக்கு ஜன்னல் இல்லை, கதவு வெளியிலிருந்து பூட்டியிருக்கிறது. மற்றபடி ஒரு குறையும் இல்லை, எல்லோரும் மரியாதையாகத்தான் நடத்துகிறார்கள்.

2019ஆம் ஆண்டு வெயில் காலத்தில், ரூ லூயி-பிளாங் தெருவில் தொலைபேசிக் கடை வைத்திருக்கும் துஷ்யந்தன் என்னைத் தேடி வந்தார். ஐரோப்பாவில் இருக்கும் எங்கள் சனத்துக்காக யூடியூபில் ஒரு நிகழ்ச்சி, பெயர் 'ஒரே கூரை'. பாரிசுக்கு வெளியே லெ பிளாங்-மெனிலில் ஒரு தனி வீடு. போட்டியாளர்களை உள்ளே விட்டு, தொலைபேசிகளை வாங்கி வைத்துவிட்டு, ஜன்னல்களுக்குக் கறுப்புத் தாள் ஒட்டிப் பூட்டிவிடுவது. உள்ளே நடப்பதைக் கமெரா எடுக்கும். கிழமை நாட்களில் வெட்டி ஒட்டிப் போடுவோம், சனிக்கிழமை மத்தியானம் மட்டும் நேரடி. கடைசி வரை நிற்பவருக்குப் பரிசு.

நான்தான் வீட்டின் குரல். கராஜில் திரைகளுக்கு முன்னால் இருந்துகொண்டு ஒலிபெருக்கியில் பேசுவேன். எச்சரிப்பது, தண்டிப்பது, வெளியேற்றுவது எல்லாம் என் பொறுப்பு. சாவியும் என்னிடம்தான்.

துஷ்யந்தன் ஒரேயொரு நிபந்தனை வைத்தார். "அண்ணை, குடும்பமா இருந்து பாக்கிற நிகழ்ச்சி. தூஷணம் மட்டும் வரக்கூடாது. வந்துதெண்டா விளம்பரம் தாற கடைக்காரர் ஒருத்தரும் நிக்க மாட்டினம்."

கபிரியேல் ஐயா புருவத்தைச் சுருக்குகிறார். தூஷணம் என்றால் கெட்ட வார்த்தை, ஐயா. தாய் தங்கை முன்னால் வாயில் வரக்கூடாத சொல். அதை நான் விதியாக்கினேன். தூஷணம் பேசினால் உடனே வெளியே, மன்னிப்பே கிடையாது. மற்றக் குற்றங்களை நிலைமையைப் பார்த்துத் தீர்ப்பது.

நான் ஆளுக்கு ஒரு நீதி வைத்தேன் என்று மிதுசன் உங்களிடம் சொல்லியிருக்கிறான். மிதுசன் போட்டியாளர்களில் ஒருவன், இங்கே பிறந்த பொடியன். வாயைத் திறந்தால் பிரெஞ்சுக் கெட்ட வார்த்தைதான் முதலில் வரும். ஒருநாள் கதிரையைத் தூக்கிச் சுவரில் எறிந்து, இன்னொரு பொடியனின் பல்லை உடைப்பேன் என்று நின்றான். கழிவறை கழுவ விட்டேன், அவ்வளவுதான். அவன் பேசியது தாய் தகப்பனுக்கு விளங்காது, பார்க்கும் சனத்துக்கும் முக்கால்வாசி விளங்காது. விளங்காத சொல்லால் யாருடைய காது அழுகப் போகிறது? பார்த்தவர்கள் சிரித்தார்கள். அவனை அனுப்பினால் வீடு வெறிச்சோடிவிடும் என்று துஷ்யந்தனும் சொன்னார்.

ராதாகிருஷ்ணன் நேர்மாறு. காலையில் குளித்து விபூதி பூசாமல் தேநீர் தொடமாட்டார். வெள்ளிக்கிழமை மரக்கறி. தன்னைவிட இளையவர்களையும் நீங்கள் என்றுதான் கூப்பிடுவார். வீட்டுக்குள் இப்படி ஒரு மனிதர் இருக்கிறாரே என்று எனக்குப் பெரிய ஆறுதல்.

இனி நிரோஜினி. குழந்தைகள் காப்பகத்தில் வேலை செய்த பிள்ளை. நன்றாகச் சிரிக்கும், நன்றாக வேலையும் செய்யும். வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

ஒரு சனிக்கிழமை விளையாட்டில், யாரை வெளியே அனுப்ப விரும்புகிறீர்கள், ஏன் என்று எல்லோரும் சொல்ல வேண்டும். நிரோஜினி எழுந்து நின்று சொன்னார். "ராதாகிருஷ்ணன் அண்ணையை. நான் குளிச்சிட்டுக் கதவைத் திறக்கேக்கை ஒவ்வொரு நாளும் வாசல்லை நிக்கிறார். எனக்கு அது பிடிக்கேல்லை."

கனடாவிலிருந்து சுவிஸ் வரைக்கும் சனம் பார்த்துக்கொண்டிருந்தது. ராதாகிருஷ்ணன் சிரித்தபடி இருந்தார். என்ன பொறுமை என்று நினைத்தேன்.

மறுநாள் இருவரும் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் மெதுவாகப் பேசினார். உடையில் குத்தியிருந்த ஒலிவாங்கியில் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"தங்கச்சி, என்னைச் சபையிலை வைச்சு அவமானப்படுத்திப் போட்டியள். பரவாயில்லை. இஞ்சை கமெரா கிடக்கு, நான் ஒண்டும் செய்ய மாட்டன். நீங்கள் வெளியிலை வாங்கோ. அதுக்குப் பிறகு உங்கடை முகத்தைக் கண்ணாடியிலை பாக்க உங்களுக்கே மனம் வராது." சொல்லிவிட்டு, "வெங்காயம் இவ்வளவும் போதுமோ?" என்று கேட்டார்.

நான் திரும்பப் போட்டுக் கேட்டேன். கவனமாகத்தான் கேட்டேன், மேடம். அதில் ஒரு தூஷணம்கூட இல்லை. நீ, வா, போ என்றுகூட இல்லை. துஷ்யந்தனுக்கும் போட்டுக் காட்டினேன். பார்க்கிற சனத்தின் வாக்கு அதிகம் விழுகிற ஆள், அந்த இடத்தை வெட்டிவிடுவோம் என்றார். வெட்டினோம்.

வீட்டில் மனம் திறந்து பேச ஒரு சின்ன அறை வைத்திருந்தோம். முன்பு சாமான் அறையாக இருந்தது. உள்ளே ஒரு கதிரை, ஒரு கமெரா, என் குரல். அன்றைக்கே நிரோஜினி அங்கே வந்து இருந்தார்.

"அண்ணை, எனக்குப் பயமாக் கிடக்கு. அவரை அனுப்புங்கோ."

"தூஷணம் கதைச்சவரோ, பிள்ளை?"

"இல்லை."

"கை வைச்சவரோ?"

"இல்லை அண்ணை, ஆனா நீங்கள் கேட்டிருப்பியள்தானே."

"அப்ப நான் எந்த விதியிலை பிடிக்கிறது?"

 அந்தப் பிள்ளை எழுந்து போனார். அடுத்த நாள் திரும்ப வந்தார். இந்த முறை கேட்டது வேறு.

"அப்ப நான் போறன், அண்ணை. பரிசும் வேண்டாம். அவரை மட்டும் உள்ளுக்கை வைச்சிருங்கோ. நான் இருக்கிற இடம், வேலை செய்யிற இடம் எல்லாம் அவருக்குத் தெரியும். எனக்கு ஒரு கிழமை தாங்கோ, இடம் மாறிடுவன்."

ஒரு மனிதரை ஏன் உள்ளே பூட்டி வைக்க வேண்டும்? அவர் என்ன குற்றம் செய்தார்? பொறுங்கோ பிள்ளை, பாப்பம் என்றேன். போலீசுக்குப் போக வேண்டும் என்று அந்தப் பிள்ளை சொன்னபோது, தமிழ் ஆட்களுக்குள் நடக்கிறதை வெள்ளைக்காரர் வாசலில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டாம் என்றும் சொன்னேன். நான் எத்தனையோ குடும்பங்களைச் சமாதானப்படுத்தி வைத்தவன். தொலைபேசியைக் கேட்டார். விதியை நினைவுபடுத்தினேன். அதன் பிறகு அவர் குளிக்கப் போகும்போது மிதுசனை வாசலில் நிற்கச் சொல்லியிருக்கிறார். அது எனக்கு நல்லதாகப் படவில்லை. குமர்ப்பிள்ளை ஒரு பொடியனைக் காவலுக்கு நிறுத்துவதைச் சனம் பார்த்தால் என்ன கதைக்கும்? அதைக் கைவிடச் சொல்லிவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை, நேரடி ஒளிபரப்பில், கூடத்தின் நடுவில் நின்று நிரோஜினி தூஷணம் பேசினார். பச்சைத் தமிழ்த் தூஷணம். உடனே வெளியேற்றினேன்.

மிதுசன் கமெராவுக்கு முன்னால் வந்து நின்றான். "இது நியாயமில்லை, அண்ணை. நான் எவ்வளவு கதைச்சிருக்கிறன், எனக்கு ஒண்டும் செய்யேல்லையே. என்னையும் அனுப்புங்கோ." உனக்கும் அந்தப் பிள்ளைக்கும் வித்தியாசம் இருக்கு என்று சொல்லி அவனை உட்கார வைத்தேன்.

கபிரியேல் ஐயா கேட்கிறார்: "அந்த வார்த்தை என்னன்னு சொல்லுங்க, மிஸ்யே. மேடம் பதிவு பண்ணணும்ங்கறாங்க." மன்னிக்க வேண்டும். அதை நான் சொல்ல மாட்டேன். 'ஒரு கெட்ட வார்த்தை' என்று எழுதிக்கொள்ளுங்கள். மற்ற எல்லாவற்றையும் சொல்கிறேன், அந்தச் சொல் என் வாயில் வராது.

யாரைப் பார்த்துச் சொன்னார் என்று மேடம் கேட்கிறீர்கள். கமெராவைப் பார்த்து.

கமெராவுக்குப் பின்னால் யார் இருந்தது என்றால், நான்தான். சரி, நடந்ததை நடந்தபடியே சொல்லிவிடுகிறேன். கூடத்தில் எல்லோரும் சாப்பாட்டுக்கு உட்காரும்போது நிரோஜினி எழுந்து கமெராவுக்குக் கிட்டே வந்தார். "அண்ணை, எல்லாரும் பாக்கினம். இப்ப சொல்லுங்கோ. அவர் எனக்குச் சொன்னது உங்களுக்குக் கேட்டதோ, கேக்கேல்லையோ?"

ஒரு பெரிய மனிதரிடம் சபையில் கேட்கிற கேள்வியா இது? நான் என்ன செய்ய முடியும்? "அப்பிடி ஒண்டும் கேக்கேல்லை, பிள்ளை. ஆக்களிலை வீண் பழி போடாதேங்கோ" என்றேன். என் நல்ல குரலில்தான் சொன்னேன். அதற்குப் பிறகுதான் அந்தச் சொல்.

முப்பது வருடம் மேடையில் நின்றவன், மேடம். எனக்கு ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை. அன்று பின்னேரம் வீட்டுக்குப் போனால் மனைவி என் முகத்தைப் பார்க்காமல் சோற்றைப் போட்டாள். கோபம் இருந்ததா என்று கேட்டால், இருந்தது. ஆனால் நான் கோபத்தில் ஒன்றும் செய்யவில்லை. எல்லாம் நிதானமாகத்தான் செய்தேன்.

வெளியேறுகிறவர் கையை வீசிக்கொண்டுதான் போக வேண்டும், பெட்டி பிறகு வரும். அது நிகழ்ச்சியின் முறை. தொலைபேசியைத் திருப்பிக் கொடுக்கும்போது பெட்டியை எங்கே அனுப்ப என்று கேட்டேன். பழைய இடத்துக்குப் போக மாட்டேன், ரூ பிலிப்-து-ஜிராரில் ஒரு சிநேகிதி வீட்டில் நிற்பேன் என்று முகவரி சொன்னார். கட்டடத்தின் தெருக்கதவைத் திறக்கிற வாசல் இலக்கமும் சொன்னார். "ஒருத்தருக்கும் குடுக்காதேங்கோ, அண்ணை" என்றார். தூஷணம் பேசிய அதே வாய், அரை மணித்தியாலத்தில் அண்ணை என்கிறது.

ஞாயிறு காலையில் ராதாகிருஷ்ணன் மனம் திறக்கும் அறைக்கு வந்தார். கை கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். "அண்ணை, ஒரு சின்ன உதவி. கோயிலுக்குப் போய்க் கும்பிட்டிட்டு வாறன். அப்பிடியே அந்தப் பிள்ளையின்ரை பெட்டியையும் குடுத்து, ஒரு மன்னிப்பும் கேட்டுப்போட்டு வந்திடுவன். மனசிலை வைச்சுக்கொண்டு இருக்கக்கூடாதுதானே."

உள்ளே வந்தவர் வெளியே போகக்கூடாது என்பது விதி. மிதுசன் தங்கையின் பிறந்தநாளுக்கு ஒரு மணித்தியாலம் கேட்டபோது விடவில்லை. ஆனால் கோயிலுக்குப் போகிற ஆளை எப்படி மறிப்பது? அவர் கேட்ட முறையில் ஒரு பிழை சொல்ல முடியாது. பூட்டைத் திறந்தேன். பெட்டியையும் முகவரியையும் வாசல் இலக்கத்தையும் கொடுத்தேன். வாசலில் நின்று எனக்குக் கை கூப்பிவிட்டுப் போனார்.

நிரோஜினிக்குத் தொலைபேசி எடுத்தது நான்தான். பெட்டி வரும்போது வீட்டில் ஆள் இல்லாவிட்டால் வீண் அலைச்சல் அல்லவா? "பிள்ளை, தவரத்தினம் அண்ணை கதைக்கிறன். பெட்டி வருது. மணி அடிச்சால் கதவைத் திறவுங்கோ" என்றேன்.

"ஆர் அண்ணை கொண்டு வருகினம்?"

"எங்கடை ஆள்தான்."

"உங்களிலை நம்பித் திறக்கிறன்" என்றார். திறந்திருக்கிறார்.

ராதாகிருஷ்ணன் முகத்தில்தான் வெட்டினார் என்று நீங்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். முகம், தாடை, நாக்கு. அவர் சொன்னதைச் செய்தார் என்று மேடம் சொல்கிறீர்கள். அவர் சொன்னது எனக்குக் கேட்டது என்று நானும் இப்போது ஒப்புக்கொள்கிறேன். அன்றைக்குக் கேட்கவில்லை என்று சொன்னது பொய்.

இன்னொன்றும் இருக்கிறது. மிதுசன் சொல்லியிருப்பான், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். ராதாகிருஷ்ணன் புறப்பட்டுச் சற்று நேரத்தில் மிதுசன் கமெராவுக்கு முன்னால் வந்தான். வழக்கம்போல ஒரு பிரெஞ்சுச் சொல்லோடு தொடங்கினான். "அண்ணை, மீன் வெட்டுற கத்தியைக் காணேல்லை. எல்லா இடமும் பாத்திட்டன். அவர் எங்கை போறார்?" என்றான்.  வடிவாகத் தேடு, கிடக்கும் என்றேன்.

எது முதலில் என்று மேடம் மூன்றாம் முறையும் கேட்கிறீர்கள். தொலைபேசிக்காரர் நேரம் எல்லாம் கொடுத்திருப்பார்கள், மறைக்க ஒன்றுமில்லை. முதலில் மிதுசன் கத்தியைக் காணவில்லை என்றான். அதற்குப் பிறகுதான் நான் நிரோஜினிக்குத் தொலைபேசி எடுத்துக் கதவைத் திறக்கச் சொன்னேன். ஓம், தெரிந்துதான் எடுத்தேன்.

கபிரியேல் ஐயா ஏன் நிறுத்திவிட்டார்? விளங்கவில்லையா? நான் தெளிவாகத்தானே சொன்னேன். சொல்லுங்கள் ஐயா, அவசரமில்லை.

அந்தப் பிள்ளை இப்போது ஒரு சொல்லும் பேசுவதில்லையாம், இனிப் பேசப் பழக வேண்டுமாம். கேட்டதும் எனக்கு மனம் சரியில்லை. நான் கல் நெஞ்சுக்காரன் இல்லை, மேடம். இங்கே கும்பிட ஒரு சாமிப் படம்கூட இல்லை, இருந்தாலும் காலையில் எழும்பியதும் சுவரைப் பார்த்துக் கும்பிடுகிறேன். பேசத் தொடங்கும்போது அந்தப் பிள்ளையின் வாயில் முதல் வருகிற சொல்லாவது நல்ல சொல்லாக இருக்கட்டும் என்று.