இரண்டு பக்கமும் அடைத்த சுவர்

மத்தியானம் இரண்டு நாற்பது.

ஆமாம், ராத்திரி இல்லை. பேய் என்றால் நடுராத்திரியில்தான் வரும் என்று யார் சொன்னது? ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் எதுவோ, அதுதான் அதன் நேரம்.

2003-ஆம் வருஷம், மே மாசம், அக்னி நட்சத்திரம். ஊரப்பாக்கம் ஸ்டேஷனில் இறங்கி, ஏரிப் பக்கம் போகும் செம்மண் ரோட்டில் ஒரே ஓர் ஆள் நடந்துகொண்டிருந்தார். இரண்டு பக்கமும் மனை பிரித்து நட்ட வெள்ளைக் கற்கள். நாய் இல்லை. காக்கா இல்லை. அவருடைய செருப்புச் சத்தம் மட்டும்... சரக்... சரக்...

அவர் பெயர் லாசரஸ். நம் ஃபிரெடியின் பெரியம்மா மகன். ஃபிரெடி இன்றைக்கு வராததும் நல்லதுதான். இருந்தால் இதைச் சொல்ல விடமாட்டான். கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

லாசரஸ் காட்டாங்குளத்தூரில் ஒரு காலேஜ் ஆபீசில் கிளார்க். நாற்பத்தொரு வயதுவரை கல்யாணம் ஆகவில்லை. எட்டு மாசத்துக்கு முன்னால்தான் புஷ்பத்தைக் கட்டிக்கொண்டார். புஷ்பம் டீச்சர். அவளுக்கு இது இரண்டாம் கல்யாணம். முதல் புருஷன் சின்னப்பன், ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரி மோதிச் செத்துப்போனவன்.

சின்னப்பனுக்கு ஹாலோ பிளாக் கல் போடுகிற தொழில். நடுவில் கூடு விட்ட சிமெண்ட் கல் இருக்கிறதே, அதுதான். கொல்லையிலேயே மெஷின் வைத்து, தன் கையால் கல் அழுத்தி, அந்தக் கல்லாலேயே வீட்டையும் கட்டினான். முன்னால் தாங்கள் இருக்க ஒரு போர்ஷன், பின்னால் வாடகைக்கு விட ஒன்று. வெளிப்பக்கம் பூசிவிட்டான். உள்ளே பூசுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டான். பின் போர்ஷன் தரைகூடப் போடாமல் பூட்டியே கிடந்தது. படுக்கையறைக்கும் அதற்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். பூசாத, சாம்பல் நிறக் கல்.

அந்த வீட்டுக்குத்தான் லாசரஸ் குடிபோனார். போன நாளிலிருந்து நெஞ்சில் ஒரு முள்.

ஆட்டோவில் ஏறினால், "சின்னப்பன் வூடா சார்? குந்து" என்பான். புஷ்பம்கூடப் பேச்சுவாக்கில், "அவரு இந்த ஜன்னலைக் கொஞ்சம் உசத்தி வச்சிருக்கணும்" என்பாள். அவரு! வீட்டில் உயிரோடு இருக்கிற புருஷனைப் பற்றி வெளியே பேசும்போது "லாசரஸ் சார்" என்பாள். "அவரு" என்றால் செத்தவன்தான். அந்தச் சுவரில் ஒரு கல்லில், ஈரமாக இருந்தபோது பதிந்த அவன் கட்டைவிரல் பள்ளம் ஒன்று இருந்தது. படுக்கப் போகும்போது புஷ்பம் அதில் தன் விரலை ஒரு நொடி வைத்து எடுப்பாள். தெரிந்து செய்கிறாளா, பழக்கமா... கேட்க லாசரஸுக்கு வாய் வரவில்லை.

அன்றைக்கு ஆபீசில் அரை நாள் லீவு. சொல்லாமல் வந்தார். கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. உள்ளே போனார்.

ஸ்கூலுக்குக் கோடை லீவு, புஷ்பம் சுவரோரம் பாயில் படுத்திருந்தாள். கன்னம் கல்லில் ஒட்டியிருந்தது. தூங்கிக்கொண்டிருந்தாள்.

சத்தம் கேட்டது.

டம்... டம்... கல் மெஷினில் கலவையை இடிப்பது மாதிரி. அப்புறம் நின்றது. ஓர் ஆம்பளை மெல்ல முனகிப் பாடினான். பிறகு பேச ஆரம்பித்தான். போர்வைக்குள் இருந்து பேசுவது மாதிரி... வார்த்தை புரியவில்லை, குரல் மட்டும். அந்த வெயிலில், அந்த அறையில், அப்போதுதான் கலந்த ஈரச் சிமெண்ட்டின் வாசனை.

பின்னால் எவனோ இருக்கிறான். லாசரஸுக்கு முதலில் தோன்றியது அதுதான். ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி ஓடினார். பூட்டு துருப்பிடித்து இறுகியிருந்தது. தேங்காய் எண்ணெய் விட்டு, தட்டி, திருகி... கதவு திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது.

யாரும் இல்லை. தரையெல்லாம் மணல். மணலில் ஒரு காலடி இல்லை.

திரும்பப் போனவர் நின்றார். சுவருக்கு அந்தப் பக்கம், படுக்கையறையில், புஷ்பத்தின் குரல்.

"ம்... அப்புறம்?"

ஒரு சிரிப்பு. தொண்டைக்குள்ளேயே சிரிக்கிற சிரிப்பு. எட்டு மாசத்தில் லாசரஸ் ஒரு தடவைகூடக் கேட்டிராத சிரிப்பு.

ஓடி வந்து பார்த்தால் அவள் அப்படியே தூங்கிக்கொண்டிருந்தாள். உலுக்கி எழுப்பினார்.

"யார்கூட பேசிட்டிருந்த?"

"நானா? தூங்கிட்டிருந்தேங்க."

"பொய் சொல்லாத."

"சத்தியமா. என்னாச்சு உங்களுக்கு? முகமெல்லாம் வேர்த்திருக்கு..."

அவருக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. வயிறுதான் எரிந்தது. பேயாக இருந்தால் பாஸ்டரைக் கூப்பிட்டு ஜெபிக்கலாம். அவள் இன்னும் மனசில் வைத்திருக்கிற புருஷனாக இருந்தால் யாரைக் கூப்பிடுவது?

அதற்கப்புறம் அவருக்கு ஆபீசில் வேலை ஓடவில்லை. அரை நாள், அரை நாளாக லீவு போட்டு வந்தார். ஜன்னலுக்கு வெளியே நின்று கேட்டார். தினமும் அதே நேரம், அதே டம்... டம்..., அதே முனகல். அவள் தூக்கத்தில் ம் கொட்டுவாள். சாயங்காலம் அவள் தலையை முகர்ந்து பார்ப்பார். மல்லிகைப்பூவுக்கு அடியில் சிமெண்ட் வாசனை.

பக்கத்து மனையில் வேலை செய்த பொன்னுசாமி கொத்தனாரை ஒரு நாள் கூட்டிவந்தார். பேய் என்று சொல்லவில்லை. "சுவர்ல சத்தம் வருதுப்பா" என்றார்.

பொன்னுசாமி சுவரைத் தட்டிப் பார்த்தார். ஒரு சொம்புத் தண்ணீரைக் கல்லில் ஊற்றினார். வழியவே இல்லை, கல் குடித்துவிட்டது. "சார், நீ அந்தாண்ட போய் நின்னு பாரு" என்றார்.

லாசரஸ் பின் போர்ஷனில் போய் நின்றார். இந்தப் பக்கம் பொன்னுசாமி பீடியை இழுத்து, கல்லில் வாயை வைத்து ஊதினார். கொஞ்ச நேரத்தில்... லாசரஸின் முகத்துக்கு நேராக, கல்லிலிருந்து, நூல் மாதிரிப் புகை கசிந்தது.

"பாத்தியா? பாக்கத்தான் கல்லு. உள்ள முழுக்க பொடிப் பொடி ஓட்டை. புகை போற வழில சத்தம் போவாதா? மேல அடைச்சிடு. சிமெண்ட்ட தண்ணில பால் மாதிரி கரைச்சு, அந்த சிமெண்ட் பால் ரெண்டு கோட்டு கெட்டியா அடிச்சு, பிரைமர் போட்டு, பெயிண்ட் வுட்டா போதும். சந்துல கலவ சரியா வுழாத எடத்தையும் ரொப்பிடலாம். ஒரு பக்கம் அடைச்சாலே போதும் சார், பாதி சத்தத்துக்கு மேல சாவும்."

அன்றிரவு புஷ்பத்திடம் சொன்னார். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அது அப்படியே இருக்கட்டுமே. அவரு கையால அழுத்தின கல்லு."

அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

புஷ்பம் கோவிலம்பாக்கத்தில் அக்கா வீட்டுக்கு நாலு நாள் போயிருந்தபோது வேலையை முடித்தார். கல்லோடு கல் சேரும் சந்தெல்லாம் நிரப்பி, சிமெண்ட் பால் அடித்து, காயவிட்டு, வெளிர் நீலப் பெயிண்ட். கட்டைவிரல் பள்ளத்தை லாசரஸ் தானே கலவை வைத்து மூடினார். பொன்னுசாமி அலாரம் கடிகாரத்தைப் பின்பக்கம் கொண்டுபோய் அடிக்கவிட்டார். முன்பு காதைப் பிய்த்திருக்கும். இப்போது ஏதோ தெருக்கோடியில் அடிப்பது மாதிரி...

புஷ்பம் வந்தாள். நீலச் சுவரின் முன் நின்றாள். உள்ளங்கையை வைத்து மெதுவாகத் தடவினாள். சமைக்கப் போனாள்.

சத்தம் நின்றுவிட்டது. லாசரஸ் ஒரு வாரம் ராஜா மாதிரி இருந்தார். ஆனால் புஷ்பம் பேசுவதும் நின்றுவிட்டது. கேட்டால் பதில், அவ்வளவுதான். மத்தியானத் தூக்கம் போனது. கண்ணைச் சுற்றிக் கருப்பு. ஒரு நாள் அவர் வந்தபோது படுக்கையறை காலியாக இருந்தது. ஆணியில் சாவி இல்லை.

பின் போர்ஷன் கதவு திறந்திருந்தது. மணலில் பாய் விரித்து, அடைக்காத பக்கத்துக் கல்லில் கன்னம் வைத்து, அவள் கிடந்தாள். இந்தத் தடவை கண் விழித்திருந்தாள்.

"அந்தச் செத்தவன்கிட்ட என்னடி பேச்சு உனக்கு?"

"பேசல. கேக்கறேன்."

"என்ன சொல்றான்?"

"என்னென்னவோ. இன்னிக்கு எத்தனை கல்லு போட்டேன், மழ வருமான்னு... சும்மா." எழுந்து மணலைத் தட்டிக்கொண்டாள். "யார்கூட பேசினன்னு மட்டும் அவரு கேக்கறதில்ல."

லாசரஸ் நேராகப் பொன்னுசாமியிடம் போனார். "அந்தப் பக்கமும் அடைக்கணும்."

"எதுக்கு சார்? ஒரு பக்கம் அடைச்சதுலயே முக்கால்வாசி வேல முடிஞ்சிடுச்சு. ரெண்டாம் பக்கம் அடிச்சா பெருசா ஒண்ணியும் கொறயாது." பீடியை அணைத்துவிட்டு, தயங்கிச் சொன்னார்: "அதுவுமில்லாம, கல்லுக்குள்ள கூடு கீது சார். ரெண்டு பக்கமும் மூடிட்டா, உள்ள இருக்கறது எங்க போவும்?"

"என்ன இருக்கு உள்ள?"

"காத்துதான் சார். ஈரம். நான் வரல, வுட்ரு."

மறுநாள் புஷ்பம் அடுப்படியில் இருந்தபோது லாசரஸ் தானே வாளியில் சிமெண்ட் பாலைக் கலந்தார். பின் போர்ஷனுக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டார். மேலேயிருந்து ஆரம்பித்தார். சரியாக இரண்டு நாற்பதுக்கு முனகல் ஆரம்பித்தது.

அவர் பிரஷ்ஷை அழுத்தினார். ஒரு கல்லை மூடினால் அங்கே சத்தம் அடங்கும். அடுத்த கல்லில் கேட்கும். அதை மூடினால் அதற்கடுத்ததில். வரிசை வரிசையாகக் கீழே இறங்கியது. லாசரஸுக்கு வெறி பிடித்துவிட்டது. சட்டையெல்லாம் சிமெண்ட், கண்ணுக்குள் வேர்வை. "என் பொண்டாட்டிடா... என் பொண்டாட்டி..." என்று ஒவ்வொரு கல்லுக்கும் சொல்லிக்கொண்டே அடித்தார்.

கடைசியில் மூலையில், தரையை ஒட்டி, ஒரே ஒரு கல் பாக்கி. முட்டி போட்டுக் குனிந்தார். முனகல் நின்றது. முதல் முறையாக அந்தக் குரல் தெளிவாக, காதுக்குப் பக்கத்தில் பேசியது. கோபமே இல்லை. வேலை முடிந்ததா என்று விசாரிக்கிற மாதிரி...

"அவ்ளோதானா?"

லாசரஸ் பிரஷ்ஷை இழுத்தார்.

இருட்டு.

கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தார். இருட்டு. எழுந்திருக்கப் பார்த்தார், தோள் இரண்டு பக்கமும் இடித்தது. சொரசொரப்பான கல். மூக்கில் ஈரச் சிமெண்ட். கத்தினார். குரல் அவரிடமே திரும்பி வந்தது. ரொம்பத் தூரத்தில், தெருக்கோடியில் மாதிரி, அவரே போட்ட தாழ்ப்பாள் விலகுகிற சத்தம். காலடி. அப்புறம் அடுப்படியில் பாத்திரம் விழுந்தது. புஷ்பம் அழுதாள்... இல்லை, சிரித்தாள். அந்தத் தொண்டைச் சிரிப்பு. அவளோடு ஓர் ஆம்பளை பேசினான்.

லாசரஸின் குரல்.

"லாசரஸ் சார் காலேஜ் வேலய வுட்டுட்டாரு" என்று அப்புறம் எல்லோரும் சொன்னார்கள். கொல்லையில் கல் மெஷின் மறுபடி ஓடியது. புஷ்பம் டீச்சர் பூசின மாதிரி ஆகிவிட்டாள், முகத்தில் களை வந்துவிட்டது, நல்ல ஜோடி என்று சர்ச்சில் பேசிக்கொண்டார்கள்.

இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள்.

2007-ல் பின் போர்ஷனைத் தரை போட்டு வாடகைக்கு விட்டார்கள். குடி வருவதற்கு முன் சுவிட்ச் பாக்ஸ் மாட்ட குப்பன் என்ற எலக்ட்ரீஷியன் போனான். எனக்குத் தெரிந்தவன்தான். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து, அந்தச் சுவரில் விரல் நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை போட்டான். டிரில்லை வெளியே எடுத்தான். ஓட்டையிலிருந்து சில்லென்று காற்று வந்தது. தூசியை ஊதக் குனிந்தவன், காதை அங்கேயே வைத்துவிட்டான். உள்ளேயிருந்து ஒருத்தர் மூச்சு வாங்க வாங்க, அவசர அவசரமாக, ஸ்டேஷனில் இறங்கி நடந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். குப்பனால் காதை எடுக்க முடியவில்லையாம்.

"வாய மூடி வச்சிகினு கேட்டேண்ணே... எம்மாம் நேரம்னு தெரியல" என்றான் என்னிடம்.

அந்தக் குரல் கடைசியாக, "தம்பி, இன்னும் கொஞ்சம் பெருசா..." என்று கெஞ்ச ஆரம்பித்தபோது, பின்னாலிருந்து ஒரு கை வந்தது. வீட்டுக்காரர். லுங்கி, முழங்கைவரை சிமெண்ட். உருட்டிய ஈரக் கலவையை ஓட்டையில் வைத்து, வாக்கியம் முடியுமுன் அழுத்தி மூடினார். வழித்தார். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டார். குப்பனைப் பார்த்து, ரொம்பத் தன்மையாகக் கேட்டார்:

"வேற எங்கனா ஓட்ட போட்டியாப்பா?"